மீதிக் காட்சிகள் யாருடையவை? பேரிடர் ஆவணப்படங்களுக்கு நிதி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

பேரிடர்களைப் பற்றிய ஆவணப்படங்களுக்கு நிதி வழங்கும் அமைப்புகளுக்கும், அவற்றைக் கேட்டு வாங்கி ஒளிபரப்பும் நிறுவனங்களுக்கும், திரைப்பட விழாக்களின் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

ஆவணப்பட நெறி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் விரல் இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் நோக்கியே நீள்கிறது. அழுகிறவரின் முகத்துக்கு எவ்வளவு அருகில் கேமராவைக் கொண்டுபோகலாம், சடலங்களைக் காட்டலாமா, பெற்றோரை இழந்த பிள்ளைகளிடம் கேள்வி கேட்கலாமா என்பவையெல்லாம் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இத்தகைய படங்களின் காட்சிகளைத் தொகுப்பறையில் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், அவற்றுக்கான விடைகளில் பெரும்பகுதி படப்பிடிப்புக் குழு புறப்படுவதற்கு முன்பே உங்கள் அலுவலகங்களில் எழுதப்பட்டுவிடுகிறது என்று கருதுகிறேன். படம் எந்த நாளுக்குள் முடிய வேண்டும், எத்தனை நாள் படப்பிடிப்புக்குப் பணம் உண்டு, எடுத்த காட்சிகள் யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். ஆகவே இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

பார்வையாளரின் காதில் ஒருபோதும் விழாத ஒரு குரல் தொகுப்பாளரின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கேள்வி கேட்பவரின் குரல் அது. உதாரணத்துக்கு ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன்; ஊரும் பெயரும் வேண்டாம். வெள்ளம் வடிந்து சில நாட்களே ஆன ஒரு வீட்டின் முன்னே நடுவயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இருக்கும் சுவரில் மார்பளவு உயரத்தில் சேற்றுக் கோடு. இருட்டில் மகனின் கை தன் பிடியிலிருந்து எப்படி நழுவியது என்று அவர் சொல்லி முடிக்கிறார். சில விநாடிகள் மௌனம். பிறகு காட்சிக்கு வெளியிலிருந்து ஒருவர் மிகுந்த பணிவோடு கேட்கிறார்: "அம்மா, மேலே ஹெலிகாப்டர் போன சத்தம் விழுந்துவிட்டது. கை நழுவியதிலிருந்து இன்னொரு முறை சொல்ல முடியுமா?" அவர் தலையசைத்து, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சொல்கிறார். இரண்டாம் முறை சொற்கள் ஒழுங்காக வருகின்றன. எதிரே இருப்பவருக்கு எது தேவை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. படத்தில் இடம்பெற்றது அந்த இரண்டாவது டேக்தான்.

கேள்வி கேட்டவர் இரக்கமற்றவர் அல்லர். மறுநாள் மாலை விமானம் ஏறியாக வேண்டியவர், அவ்வளவுதான். அவருக்குக் கூடுதலாக நான்கு நாள் தங்கப் பணம் இருந்திருந்தால், பதிவு பழுதானதை ஏற்றுக்கொண்டு எழுந்து போயிருப்பார். இன்னொரு நாள், அந்தப் பெண் தானாகப் பேச விரும்பும்போது, வந்திருப்பார். உலக சுகாதார நிறுவனமும் பிற அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பேரிடரில் சிக்கி மீண்டவரிடம் நடந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்று களப்பணியாளர்களுக்குத் தெளிவாகச் சொல்கிறது. உதவி செய்யப் போகிறவருக்கே அந்தக் கட்டுப்பாடு உண்டு என்றால், படமெடுக்கப் போகிறவருக்கு அதைவிடக் குறைவான கட்டுப்பாடு எப்படிப் பொருந்தும்? உங்கள் ஒப்பந்தங்களில் காப்பீடு, கருவி, பயணம், உணவு எல்லாவற்றுக்கும் பத்தி இருக்கிறது. காத்திருப்பதற்கு மட்டும் ஒரு பத்தியும் இல்லை.

கையெழுத்து வாங்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமான ஒப்புதல் படிவம், பேசியவரின் உருவத்தையும் குரலையும் உலகம் முழுவதும், இப்போதுள்ள ஊடகங்களிலும் இனிக் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்களிலும், காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையைத் தயாரிப்பாளருக்குத் தருகிறது. நிவாரணப் பதிவுக்கும், காணாமற்போனவர் பட்டியலுக்கும், இழப்பீட்டு விண்ணப்பத்துக்கும் நாள் முழுவதும் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இந்தக் காகிதத்தையும் நீட்டினால், அவர் எதற்கு எதைத் தருகிறார் என்பது அவருக்கே தெளிவாக இருக்காது. கையெழுத்திடாவிட்டால் ஏதோ ஓர் உதவி நின்றுவிடுமோ என்ற ஐயமும் இருக்கும். சட்டப்படி அது செல்லுபடியாகலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து, தொகுத்த காட்சியைப் போட்டுக் காட்டி, "இதில் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டு வாங்கும் இரண்டாவது ஒப்புதலைத்தான் ஒப்புதல் என்று நான் மதிப்பேன். மறுத்தால் காட்சியை நீக்க வேண்டும். படம் கெட்டுப்போகும் என்பார்கள். சில நேரம் கெட்டுத்தான் போகும்.

உடனடியாகப் படமெடுக்கவே கூடாது என்பது என் வாதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரிடரின் தடயங்கள் விரைவில் அழியும். சில நேரம் அழிக்கவும் படும். செர்னோபில் அணு உலை 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த பிறகு அங்கே சென்று படம் எடுத்த விளாதிமிர் ஷெவ்சென்கோ, பிலிமைக் கழுவிப் பார்த்தபோது அதில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருப்பதைக் கண்டு முதலில் பிலிம்தான் பழுது என்று எண்ணினார். கதிர்வீச்சு தன்னையே பிலிமில் பதிந்துகொண்டிருந்தது. அவர் 1987இல் இறந்தார். அந்தப் புள்ளிகளுக்கு நிகரான சாட்சியத்தைப் பின்னால் வந்த எந்தப் படமும் தந்திருக்க முடியாது. ஆகவே இடத்தையும் பொருளையும் அதிகாரிகளின் அறிவிப்புகளையும், உடைந்த அணையையும் பூட்டிய ஆலையையும் அன்றைக்கே பதிவு செய்யட்டும். அதற்குத் தாராளமாகப் பணம் கொடுங்கள். மனிதரின் வாயிலிருந்து வரும் கதைக்கு வேறு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே கெடுவுக்குள் அடைப்பதுதான் தவறு.

அந்தக் கெடு பெரும்பாலும் முதலாமாண்டு நினைவு நாள். ஓராண்டுக்குள் துயரம் தெரியும், காரணம் தெரியாது. விசாரணை முடிந்திருக்காது, ஆவணங்கள் வெளிவந்திருக்காது, வழக்கு தொடங்கியிருக்காது. எனவே அந்த நாளுக்குள் வரும் படங்கள், வேறு வழியின்றி, இயற்கையின் சீற்றத்தையும் மனிதரின் மன உறுதியையும் பற்றியவையாகவே அமைகின்றன. கொலம்பியாவில் 1985 நவம்பர் 13 அன்று நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்துச் சேற்றுப் பெருக்கு ஆர்மேரோ நகரை மூடியபோது 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகம் நினைவில் வைத்திருப்பது, இடிபாட்டில் சிக்கிக் கழுத்தளவு நீரில் மூன்று நாள் உயிரோடு இருந்து இறந்த 13 வயதுச் சிறுமியின் முகத்தை. வெடிப்புக்கு முந்தைய மாதமே அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் தயாராகி இருந்ததையும், நகர் உரிய நேரத்தில் காலி செய்யப்படாமல் போனதையும் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அந்த முகத்தைக் காட்டியது சரியா தவறா என்று நாற்பது ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. வரைபடத்தைக் காட்டாமல் விட்டது சரியா என்று யாரும் வாதிடுவதில்லை. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய நெறிப்பிழை.

இதற்கு எதிரே அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்ததை வைத்துப் பாருங்கள். 1972 பிப்ரவரி 26 அன்று, நிலக்கரிக் கழிவுநீரைத் தேக்கிய அணை உடைந்து பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் 125 பேர் இறந்தார்கள். அணை திருப்திகரமாக இருப்பதாகக் கூட்டாட்சி அரசின் ஆய்வாளர் கூறிச் சென்று நான்கு நாட்களே ஆகியிருந்தன. இது கடவுளின் செயல் என்று நிறுவனத் தரப்பு சொன்னது. அந்த மலைப்பகுதியிலேயே இயங்கிய ஓர் ஊடகப் பட்டறையைச் சேர்ந்த மிமி பிக்கரிங் எடுத்த ஆவணப்படம் 1975இல்தான் வெளிவந்தது. பிழைத்தவர்களையும் அதிகாரிகளையும் சுரங்கத் தொழிலாளர்களையும் அடுத்தடுத்துப் பேசவைத்து, நடந்தது மனிதரின் செயல் என்று அது நிறுவியது. மூன்று ஆண்டுகள் அதற்குத் தேவைப்பட்டன. அதை எடுத்தவர்கள் படம் முடிந்ததும் ஊரைவிட்டுப் போகிறவர்கள் அல்லர் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

கெடுவுக்குள் நல்ல படம் வரவே வராது என்று சொன்னால் அது பொய். கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்ததைப் பற்றி ஸ்பைக் லீ எடுத்த நான்கு மணி நேரப் படம், 2006 ஆகஸ்டில், சரியாக ஓராண்டு நிறைவில் ஒளிபரப்பானது. கரைகளைக் கட்டியவர்களின் பொறுப்பை அது சுற்றி வளைக்காமல் கேட்டது. ஆனால் அவருக்கு நான்கு மணி நேரம் கிடைத்தது; 2010இல் அதே மக்களிடம் திரும்பிப் போய் இன்னொரு படம் எடுக்கவும் வாய்ப்பு கிடைத்தது. ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்துக்கொடு என்று நீங்கள் சொல்லும் ஒரு புதிய இயக்குநருக்கு இந்த இரண்டில் எதுவும் கிடைப்பதில்லை.

திரும்பிப் போவது ஏன் முக்கியம் என்பதற்கு அபர்ஃபானைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. வேல்ஸில் உள்ள அந்தச் சுரங்க ஊரில் 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் குவித்திருந்த நிலக்கரிக் கழிவு சரிந்து பள்ளிக்கூடத்தின் மீது விழுந்ததில் 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். உலகெங்கிலும் இருந்து கேமராக்கள் வந்தன. இறந்த தோழர்களை நினைத்து அழும்படி ஒரு குழந்தையிடம் புகைப்படக்காரர் ஒருவர் கேட்டதைத் தன் காதால் கேட்டதாக மீட்புப் பணியில் இருந்த ஒருவர் பதிவு செய்திருக்கிறார். சில நாட்களில் கேமராக்கள் போய்விட்டன. பிறகு நடந்தவை எவையும் அந்த முதல் வாரக் காட்சிகளில் இல்லை. தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று 1967இல் விசாரணைத் தீர்ப்பாயம் சொன்னது. அப்படியிருந்தும், ஊருக்கு மேலே எஞ்சியிருந்த கழிவுக் குன்றுகளை அகற்றும் செலவுக்காக, உலக மக்கள் பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பிய நன்கொடை நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுக்கப்பட்டது. அந்தத் தொகை வட்டியின்றித் திரும்பி வந்தது 1997இல். இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி அது. அதில் அழும் முகம் இல்லை, புழுதி இல்லை, கணக்குப் புத்தகமும் கூட்டக் குறிப்பும்தான் இருக்கின்றன. உங்கள் தேர்வுக் குழுக்களின் முன் இப்படி ஒரு படத்திட்டம் வந்தால், காட்சியாக என்ன இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்புவீர்கள். பல முறை அனுப்பியும் இருக்கிறீர்கள்.

காட்சி இல்லாமல் படம் எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு ஜப்பானிலிருந்து ஒரு விடை வந்திருக்கிறது. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிய பிறகு, ரியூசுகே ஹமகுச்சியும் கோ சகாயும் வடகிழக்குக் கடலோரத்தில் சில ஆவணப்படங்களை எடுத்தார்கள். பேரலையின் காட்சி ஒன்றைக்கூட அவர்கள் நம்பியிருக்கவில்லை. கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள், கூடப் பணிசெய்தவர்கள் என்று ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்த இருவரை எதிரெதிரே உட்காரவைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்தார்கள். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைத் தொழில் தெரிந்தவர்கள் உடனே உணர்வார்கள். அந்நியர் ஒருவரின் கேள்விக்குச் சொல்லும்போது கதை, கேட்பவருக்குத் தேவையான வடிவத்தை எடுக்கிறது. கூட இருந்த மனைவியிடம் சொல்லும்போது மிகைப்படுத்த முடியாது. "இல்லை, நீங்கள் அப்போது மாடியில் இருந்தீர்கள்" என்று அவர் திருத்திவிடுவார். சாட்சியமும் சரிபார்ப்பும் ஒரே இடத்தில் நடக்கின்றன. எங்கே நிறுத்துவது என்பதையும் அந்த இருவரே தீர்மானிக்கிறார்கள். அப்படங்களில் முதலாவது, 1933இல் அதே கடற்கரையைத் தாக்கிய பேரலையைச் சிறுமியாகக் கண்ட மூதாட்டி ஒருவர், படம் வரைந்த அட்டைகளைக் காட்டிக் கதை சொல்வதோடு தொடங்குகிறது. ஒரு பேரிடரின் நினைவு அடுத்த பேரிடர்வரை எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

பாதிக்கப்பட்ட மக்களுக்கு முதலில் திரையிட வேண்டும் என்பதையும் ஜப்பானிய முன்னோடி ஒருவரிடமிருந்தே சொல்லலாம். மினமாட்டாவில் ஆலைக் கழிவின் பாதரசத்தால் நோயுற்ற மக்களைப் படமாக்க 1965இல் தொலைக்காட்சிக்காகச் சென்ற நோரியாகி சுசிமோட்டோ, அனுமதி பெறாமல் கேமராவைத் திருப்பியதற்காக ஒரு குழந்தையின் தாயிடம் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். அவர் விலகிப் போகவில்லை. நோயாளிகளோடு வாழ்ந்து எடுத்த முதல் முழுநீளப் படம் 1971இல் வந்தது, அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே தொடர்ந்து படமெடுத்தார். 1977இல் அந்தப் படங்களைத் தூக்கிக்கொண்டு ஷிரானுய் கடலோரத்தின் சிற்றூர்களுக்குப் போய்த் திரையிட்டார். நோய் இருப்பதை வெளியே சொல்ல அஞ்சிய மக்கள் இருந்த ஊர்கள் அவை. விருது வழங்கும் எந்த விழாவின் நாட்காட்டியிலும் அந்தத் திரையிடல்கள் இல்லை. உங்கள் விழாக்களோ, உலகில் வேறெங்கும் திரையிடப்படாத படம்தான் வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. அதன் விளைவு, தன் மகனின் மரணத்தைச் சொன்ன தாய் அதைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே, அவரை அறியாத நானூறு பேர் ஒரு குளிரூட்டிய அரங்கில் பார்த்துக் கைதட்டிவிடுகிறார்கள். பாதிக்கப்பட்ட ஊரில் நடக்கும் திரையிடலை முதல் திரையிடலாகக் கணக்கில் கொள்ள மாட்டோம் என்று ஒரு வரியை உங்கள் விதிகளில் சேர்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

பின்னணி இசை, ட்ரோன் காட்சி, ஸ்லோ மோஷன் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இடிபாடுகளின் மேல் வயலின் ஒலிப்பது ரசனைக் குறைவு, அதற்கு நெறிமுறை தேவையில்லை. ஆனால் பதிவாகாத கணங்களை செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கும் பழக்கம் வேறு வகையானது. இறந்தவரின் குரலில் அவர் பேசாததைப் பேசவைத்த ஒரு படம் வெளிவந்துவிட்டால், நாளை ஒரு வழக்கில் உண்மையான பதிவையும் எதிர்த்தரப்பு அதே சந்தேகத்தின் பேரில் ஒதுக்கும். இதற்கு நிதி தர மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவியுங்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு மணி நேரப் படத்துக்காகப் பல பத்து மணி நேரம் காட்சிகள் எடுக்கப்படுகின்றன. படத்தில் சேராதவை என் போன்றோரின் அலமாரிகளில் ஹார்டு டிஸ்குகளாகக் கிடக்கின்றன. ஒட்டிய சீட்டில் எழுத்து மங்கிப்போயிருக்கும். சில ஆண்டுகளில் டிஸ்க் சுழலாது. அதைத் திறக்கும் மென்பொருளும் மாறியிருக்கும். அந்தக் காட்சிகளில் என்ன இருக்கிறது? எந்தத் தெருவில் எந்த வீடு இருந்தது என்று ஒரு முதியவர் நடந்துகொண்டே சொல்லும் நாற்பது நிமிடம் இருக்கிறது. "வேகம் இல்லை" என்று தொகுப்பில் விழுந்தது. எச்சரிக்கை மணி எத்தனை மணிக்கு ஒலித்தது என்பதில் அக்கம்பக்கத்தார் நால்வர் முரண்படும் உரையாடல் இருக்கிறது. "குழப்பமாக இருக்கிறது" என்று விழுந்தது. இறந்தவர்களின் பெயர்களை ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வது இருக்கிறது. அதில் மூன்று பெயர் மட்டும் படத்தில் தங்கியது. ஒரு வரலாற்றாசிரியருக்கும், ஒரு வழக்கறிஞருக்கும், அந்த ஊரின் அடுத்த தலைமுறைக்கும் உங்கள் படத்தைவிட இந்த மிச்சமே கூடுதலாகப் பயன்படும். சட்டப்படி அது உங்களுடையது. அதை நீங்கள் பயன்படுத்தவும் இல்லை, பிறருக்குத் தரவும் இல்லை.

காட்சிகளின் உடைமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹிரோஷிமாவும் நாகசாகியும் சாட்சி. நிப்பான் எய்காஷா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர்கள் 1945 இலையுதிர்காலத்தில் அங்கே எடுத்த பதிவுகளை அமெரிக்க அரசு எடுத்துச் சென்று பூட்டி வைத்தது. ஜப்பானியக் குழுவினர் ஒரு பிரதியை மறைத்து வைத்தார்கள். 1967இல் ஒரு பிரதி ஜப்பானுக்குத் திரும்பியது. அந்தக் காட்சிகளைக் கொண்டு அமெரிக்க ஊடக வரலாற்றாசிரியர் எரிக் பார்னோ தயாரித்த 16 நிமிடப் படம் 1970இல் வெளிவந்தபோதுதான் அமெரிக்கப் பொதுமக்களில் பலர் அவற்றை முதன்முதலாகப் பார்த்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகள். அங்கே ஒரு ராணுவம் செய்ததை இங்கே ஒரு ஒப்பந்தப் பத்தியும் பழுதான ஒரு டிஸ்கும் சத்தமின்றிச் செய்துவிடுகின்றன.

வேறு வழி இருக்கிறது. சென்டாய் நகரின் மீடியாதெக் என்ற பொது ஊடக மையம், 2011 மே மாதமே மார்ச் 11ஐ மறவாமல் இருப்பதற்கான மையம் ஒன்றைத் தொடங்கியது. கேமராவைத் தொட்டே இராத குடிமக்களும் தொழில்முறைக் கலைஞர்களும் சேர்ந்து பதிவு செய்தார்கள். பதிவுகள் அந்த மையத்தில் சேர்ந்தன. ஹமகுச்சியும் சகாயும் அந்த மையத்தோடு சேர்ந்தே இயங்கியவர்கள். அந்த ஊர்க்காரர் எவரும் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பொதுக் கட்டடத்தில் நினைவு இருக்கிறது. இதை எங்கும் செய்யலாம். ஒவ்வொரு படத்தின் வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு பகுதியை ஒதுக்கி, தொகுப்பில் சேராத காட்சிகளை நாள், இடம், பேசியவர் விவரத்தோடு பட்டியலிட்டு, பாதிக்கப்பட்ட பகுதியில் உள்ள ஒரு நூலகத்திலோ காப்பகத்திலோ ஒப்படைப்பதை நிதியின் நிபந்தனையாக்குங்கள். எவை திறந்திருக்க வேண்டும், எவை சில ஆண்டுகள் மூடியிருக்க வேண்டும், எவற்றை அழித்துவிட வேண்டும் என்பதைப் பேசியவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் முடிவு செய்யட்டும். கடைசி உரிமை சிலருக்குச் சங்கடமாக இருக்கும். காப்பக ஊழியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தன் பேச்சை அழிக்கச் சொல்ல முடியாதவர் அதை மனமுவந்து தந்தார் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இவற்றையெல்லாம் ஒரே ஆண்டில் எதிர்பார்க்கவில்லை. உங்கள் அடுத்த நிதி அறிவிப்பு வரும்போது விண்ணப்பப் படிவத்தில் இதுவரை இல்லாத சில கேள்விகளைப் பார்க்க விரும்புகிறேன்: இரண்டாவது ஒப்புதலை எப்போது, எப்படிப் பெறுவீர்கள், ஊரில் முதல் திரையிடல் எந்த மாதம், மீதிக் காட்சிகள் எந்தக் காப்பகத்துக்குப் போகும், படம் முடிந்த மூன்றாம் ஆண்டில் மீண்டும் அங்கே செல்ல எவ்வளவு பணம் வேண்டும். கடைசிக் கேள்விக்கு எதிரே தொகையை எழுதுவதற்கு இடம் விடுங்கள். அந்தத் தொகையைக் கேட்டதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆவணப்படத் தொகுப்பாளர்